எண்பது பேருக்குப் பத்தியம்

எடை மேடையில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்த மனிதர் அவர். சரக்கோடு வரும் லாரியை ஒருமுறை எடை பார்க்க வேண்டும், காலியாகத் திரும்பும்போது இன்னொருமுறை பார்க்க வேண்டும், வித்தியாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. லாரிக்காரர்கள் நைச்சியமாகப் பேசிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். அவர் பேனா ஒரு கிலோகூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரவில்லை. அதனால் சரக்குப் பேட்டை முழுக்க அவருக்கு எடைக்காரர் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓய்வூதியத் தாளில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அப்படிப்பட்டவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததே ஐம்பது வயதுக்கு மேல்தான். மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, குழாய் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். மீதி நாலு நாளும் அவளால் எழுந்து நிற்க முடிந்தாலே பெரிய விஷயம். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத எடைக்காரர் கரண்டியைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மா ஒரு தாளைக் கையில் கொடுத்தார். உப்பு, நாள் முழுவதற்கும் சேர்த்தே சின்னக் கரண்டியில் கால்வாசி. பருப்பு இரண்டு கரண்டி, மேலே போகக் கூடாது. காயைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு வடித்துவிட்டு, மறுபடி வேகவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். வேறு யாராக இருந்தாலும் மலைத்துப் போயிருப்பார்கள். எடைக்காரருக்கோ தாளைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. அளவு போட்டு எழுதியிருக்கிறதே, வேறென்ன வேண்டும்?

ஒன்பது வருஷம் அந்தத் தாள் சொன்னபடி சமைத்தார். அவள் எதிரில் உட்கார்ந்து தான் மட்டும் ருசியாகச் சாப்பிட மனம் வராமல் தானும் அதையே சாப்பிட்டார். முதல் மாதம் தொண்டையில் இறங்கவில்லை. அப்புறம் பழகிப் போயிற்று. சில வருஷங்களில் வெளியே எங்கே கை நனைத்தாலும் அவருக்கு உப்புக் கரித்தது. ஒரு கல்யாண விருந்தில் பாதியில் எழுந்து வந்து, "மூட்டையோட கவுத்துட்டானா உப்பை?" என்று சமையல்காரரோடு சண்டைக்குப் போனார். கூட உட்கார்ந்திருந்தவர்கள் மனிதருக்குக் குசும்பு என்று நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் நாலைந்து பேர் தள்ளி நின்று டப்பாவைப் பார்ப்பதுபோலவும் பார்க்காததுபோலவும் நிற்பார்கள். நோயாளிக்குத் துணைக்கு வந்து ஊர் திரும்ப வழியில்லாதவர்கள், நடைபாதையில் படுப்பவர்கள், கூலி கிடைக்காத நாளில் அந்தப் பக்கம் ஒதுங்குகிறவர்கள். அதைப் பார்த்து மனைவிக்குச் சோறு இறங்காது.

"என்னால தின்ன முடியல, அவங்களுக்குத் தின்ன இல்ல. நல்லா இருக்கு நியாயம்" என்றாள் ஒருநாள். இன்னொரு நாள் கேட்டாள். "நான் போனப்பறம் அடுப்பை அணைச்சுடாதீங்க. இவங்களுக்குப் பொங்கிப் போடுவீங்களா?"

போடுகிறேன் என்றார். வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

அவள் போன ஆறாவது மாதம் அடுப்பைப் பற்றவைத்தார். மாவு மில் முதலாளி பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர். மில்லுக்குப் பின்னால் மூட்டை அடுக்கும் கொட்டகை ஒன்றைக் காலி செய்து கொடுத்தார். பேட்டையில் தெரிந்தவர்கள் அரிசியும் பருப்பும் அனுப்பினார்கள். மனைவியின் தங்கை காலையில் வந்து காய் நறுக்கினாள், பாத்திரம் தேய்த்தாள். கொட்டகை வாசலில் மனைவி பெயரை எழுதி ஒரு பலகை மாட்டினார்கள். இனி சமையல். எடைக்காரருக்குத் தெரிந்த சமையல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். வீட்டு அடுப்புக்கு மேலிருந்த தாளை உரித்து எடுத்து வந்தார். ஒரு ஆளுக்குரிய அளவை ஒரு வேளைக்கு வகுத்தார், எண்பதால் பெருக்கினார். காயை இரண்டு தண்ணீரில் வடித்தார். சும்மா கைக்கு வந்ததை அள்ளிப் போடும் ஆள் இல்லையே! "டாக்டருங்க எழுதிக் குடுத்த அளவுடா இது. பணக்காரன் வீட்லகூட இப்படிச் சுத்தமா சமைக்க மாட்டான்" என்று மில் முதலாளியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

முதல் நாள் முதல் தட்டு வாங்கியவர் படிக்கட்டுப் பாலத்துக்குக் கீழே செருப்பு தைக்கிறவர். ஒல்லியான மனிதர், பேசினால் சிரித்துக்கொண்டே பேசுவார். ஒரு வாய் போட்டுவிட்டுக் கண்ணை மூடி, "அமிர்தம்யா" என்றார். தினமும் வந்தார், தினமும் அதையே சொன்னார். எடைக்காரர் அந்த முதல் நாளே வீட்டுக்குப் போய் மனைவி படத்துக்கு முன்னால் நின்று, "அமிர்தமாம்" என்று சொன்னார். அவர் வாழ்க்கையில் யாரும் அவரை அப்படிப் பாராட்டியதில்லை.

இரண்டு மாதம் எண்பது பேர், தொண்ணூறு பேர் என்று வந்தார்கள். மூன்றாவது மாதம் அறுபது. அப்புறம் ஐம்பது. சட்டியில் மிஞ்ச ஆரம்பித்தது. மிஞ்சியது நாய்களுக்குப் போயிற்று. மழைக்காலத்தில் செருப்பு தைக்கிறவரும் வரவில்லை. வேறு பக்கம் கடை போட்டிருப்பார் என்று எடைக்காரர் நினைத்துக்கொண்டார். பதினோராவது மாதம் முப்பது பேர் வந்தால் அதிகம்.

மில் முதலாளி ஒருநாள் வந்து கொட்டகை வாசலில் நின்றார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"நான் குடுத்த வாக்கு எண்பது பேருக்குடா. முப்பது பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கொட்டகை? போன மழையில என் மூட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு."

"வருவாங்கடா. கொஞ்சம் பொறு."

"மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கறேன். அம்பது பேராச்சும் வந்தா நீ நடத்து, நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா பலகையை எடுத்துடு. கோவிச்சுக்காத."

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. எடைக்காரருக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. கொட்டகை போவதில் வருத்தமில்லை. பலகையில் இருப்பது அவள் பெயர். அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டும் என்று நினைக்கும்போதே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பேட்டைக்குப் போய் வராதவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். வேலை ஜாஸ்தி. உடம்பு சரியில்லை. நாளைக்கு வரேங்க ஐயா. மூட்டை தூக்கும் ஒருவன் கையில் கடித்த ரொட்டியை வைத்துக்கொண்டு, பசியில்லை என்றான். எடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு கொடுத்துக் காய்ந்த ரொட்டி வாங்கித் தின்கிறான், பொங்கி வைத்திருக்கும் சுடுசோற்றுக்கு வர மாட்டேன் என்கிறான். சும்மா கிடைப்பதென்றால் இளக்காரம்தான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினார்.

அன்றைக்குப் பந்தியில் புது முகம் ஒன்று. ஐம்பது வயதிருக்கும், முடியை இழுத்துக் கட்டி, சேலையை முழங்கைவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டை வாங்கினாள். ஒரு வாய் எடுத்தாள். மென்றுகொண்டே தட்டைக் கூர்ந்து பார்த்தாள். காயை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"யாருங்க இங்க சமையல்?"

"நான்தான். ஏம்மா?"

"உங்க வீட்ல யாருக்காச்சும் கிட்னி போயிருக்கா?"

எடைக்காரர் கையில் கரண்டியோடு நின்றார்.

"பதினாலு வருஷம் ஆஸ்பத்திரியில வார்டு ஆயாவா இருந்தேன். கிட்னி வார்டுல தட்டு எடுத்துக் குடுத்து, தட்டு கழுவி, எனக்கு இந்தச் சாப்பாடு கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். காயை ரெண்டு தண்ணி வடிச்சிருக்கீங்க, சக்கையாக் கிடக்கு. பருப்பு பேருக்கு இருக்கு. உப்பு மருந்துக்குக்கூட இல்ல. சாகக் கிடக்கறவங்களுக்குக் குடுக்குற சோத்தை மூட்டை தூக்கறவனுக்கு எதுக்குய்யா போடறீங்க?"

பந்தி முழுக்க மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. எடைக்காரருக்குக் காது மடல் சூடாயிற்று. சாகக் கிடக்கிறவர்கள் என்ற சொல் அவரைச் சுட்டுவிட்டது.

"டாக்டர் எழுதிக் குடுத்த அளவும்மா இது. இஷ்டமிருந்தா சாப்பிடு, இல்லன்னா எழுந்து போ."

அவள் எழுந்தாள். குழாயடிக்குப் போய்த் தட்டைத் தானே கழுவி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்தாள். பட்டினியோடு வந்தவள் பட்டினியோடு வாசலைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எடைக்காரர் பந்தியைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "ஏம்பா, நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு சாப்பாடு?"

"நல்லா இருக்குங்க ஐயா" என்றார்கள் ஒரே குரலில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வணக்கம் சொல்வதுபோல இருந்தது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த கைவண்டிக்காரர் மட்டும் தலையைத் தூக்கவில்லை. எடைக்காரர் அவர் தட்டைப் பார்த்தார். தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ சிந்தியிருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தின் முனை எட்டிப் பார்த்தது.

"என்ன அது?"

கைவண்டிக்காரர் காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். உப்பு. "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. எங்களுக்கு வேர்வை ஜாஸ்தி… அதான் துளி போட்டுக்கறது."

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தேங்க."

பக்கத்திலிருந்தவரிடமும் ஒரு காகிதம் இருந்தது. அவருக்கடுத்த பெண் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். எடைக்காரர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். பதினோரு மாதமாக அவர் சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், அவருக்குத் தெரியாமல், அவர் மனம் நோகாமல், ஆளுக்கொரு பொட்டலம் கொண்டு வந்திருக்கிறார்கள்.

"ஏன்யா ஒருத்தர்கூடச் சொல்லல?"

கைவண்டிக்காரர் சங்கடமாகச் சிரித்தார். "சும்மா போடற சோத்துக்கு நொட்டை சொல்றதா? வாய் அழுகிடாதுங்களா ஐயா?"

பந்தி கலைந்தபின் எடைக்காரர் கவிழ்த்துப்போட்ட சட்டிமேல் உட்கார்ந்தார். கொழுந்தியாள் அவர் முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

"உனக்குமா தெரியும்?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"அக்காவுக்காகச் செய்யறீங்கன்னு நெனச்சேன். அவ பேர்ல போடற சோறு அவ தின்ன மாதிரியே இருக்கணும்னு ஏதோ வேண்டுதல் வச்சிருக்கீங்கன்னு… அதைப் போயி நான் எந்த வாயால கேக்கறது?"

"இங்க செஞ்சதை நீ ஒருநாளாவது சாப்பிட்டியா?"

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "நான் வீட்டுக்குப் போயிச் சாப்பிடுவேன் மாமா."

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. கால் போன போக்கில் போய், படிக்கட்டுப் பாலத்துக்குக் கீழே நின்றார். உண்மையைச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தால் அது செருப்பு தைக்கிறவராகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அமிர்தம் என்று சொன்னவரிடமே கேட்டுவிட வேண்டும். நிஜமாகச் சொல்லுமய்யா, எப்படி இருந்தது என்று. ஆனால் அவர் உட்காரும் இடத்தில் யாரோ குடைகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். பக்கத்தில் சாவி செய்கிறவர் அரத்தை வைத்து ராவிக்கொண்டிருந்தார்.

"இங்க செருப்பு தைப்பாரே, அவரு எங்க?"

"போயி மூணு மாசம் ஆச்சுங்களே. மழையில கீழ விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். நாலு நாள் இருந்தாரு."

"என்னவாம்?"

"உடம்புல ரத்தமே இல்லன்னாங்க. என்னய்யா சாப்பிடறேன்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. மனுஷன் அப்பவும் சிரிச்சுக்கிட்டே, தினம் ஒரு வேளை எடைக்காரர் கைச்சோறு, அதுவே போதும்னாரு." சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "ஐயா யாரு, தெரிஞ்சவங்களா?"

எடைக்காரர் தான் யாரென்று சொல்லவில்லை.

செருப்பு தைத்தவருக்கு உள்ளே ஆயிரம் கோளாறு இருந்திருக்கலாம். வயதும் ஆகியிருந்தது, ஈரத்தில் படுத்திருந்தார், எடைக்காரர் அடுப்பையே பற்றவைக்காமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமாகவே போயிருப்பார். பார்த்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நம் ஆள் இரண்டு எடைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை எழுதியே வயிறு வளர்த்தவர். ஒரு மனிதன் நாள் முழுக்கக் குனிந்து தைப்பதற்கு என்ன வேண்டும், தான் தட்டில் வைத்தது என்ன என்று அவருக்குள் கணக்கு தானாக ஓடியது. நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனார். விசாரித்ததில் ஆயா இருக்குமிடம் தெரிந்தது. சலவைக் கூடத்துக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒற்றை அறை. வாசலில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன? தட்டைக் கழுவித்தானே வச்சேன்?"

"மன்னிச்சிடும்மா. எழுந்து போன்னு சொன்னது தப்பு."

"சோத்துக்கு முன்னால உக்காந்தவளை எழுப்பி விட்டீங்க. ராத்திரி முழுக்க வயிறு எரிஞ்சுது. பசியில இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளும் மேலே கிளறவில்லை.

"சாப்பிட வான்னு கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல. சமைக்கும்போது பக்கத்துல நின்னு சொல்லணும். எனக்கு நாக்கு செத்துப் போச்சு. மத்தவங்க யாரைக் கேட்டாலும் நல்லா இருக்குங்கறாங்க."

"எனக்கு வாய் ஜாஸ்தின்னுதான் வேலையை விட்டே தூக்கினாங்க, தெரியுமா?"

"அந்த வாய்தாம்மா வேணும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் அவள் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது இங்க இருந்தா உங்க கண்ணு அதுமேலயேதான் இருக்கும்" என்றாள். பருப்பை மூன்று மடங்கு போடச் சொன்னாள். காயில் ஒரு தண்ணீர்கூட வடிக்க விடவில்லை. கொழுந்தியாள் சட்டியைச் சாய்க்கப் போக, ஆயா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சத்தையெல்லாம் சாக்கடைக்கா ஊத்தப் போறே? வை கீழ."

பருப்பும் காயும் கொதித்துச் சேர்ந்து வந்தன. எடைக்காரர் உப்பு டப்பாவைத் திறந்தார். சின்னக் கரண்டியால் வழக்கமான அளவைப் போட்டார். ஆயா அகப்பையில் தொட்டு நக்கினாள்.

"பத்தாது."

இன்னும் அதே அளவு போட்டார்.

"என்ன விளையாடறீங்களா? கையால அள்ளிப் போடுங்க."

அவர் கையை டப்பாவுக்குள் விட்டார். ஒரு கை அள்ளினார். சட்டிக்கு மேலே கொண்டு வந்தார். கை விரியவில்லை. விரல்களுக்கிடையில் உப்பு சிந்தாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆவியில் முகம் வேர்த்தது.

"போடுங்க."

"முடியல."

"என்ன முடியல?"

"இவ்வளவு போட்டா அவ செத்துடுவாம்மா." சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். "கடைசி மாசம் கேட்டா. ஒரே ஒரு கல்லு உப்பு குடுங்க, நாக்குல வச்சுக்கிட்டுத் துப்பிடறேன்னு. குழந்தை மாதிரி கேட்டா. நான் குடுக்கல. கத்தினேன். இப்ப இங்க, உப்பு வேண்டியவருக்குக் குடுக்காம இன்னொருத்தரை… நான் என்னம்மா பண்ணிட்டேன்?"

ஆயா அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள்.

"எத்தனை வருஷம் இருந்தாங்க?"

"ஒன்பது."

"ஒன்பதா?" அவள் புருவம் ஏறியது. "எங்க வார்டுல நான் பார்த்த மட்டும் நாலு வருஷம் தாண்டினவங்க விரல் விட்டு எண்ணலாம். ஒளிச்சு வச்சுத் தின்பாங்க, வீட்ல பாவம் பார்த்துக் குடுத்துடுவாங்க, மறுநாள் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து படுப்பாங்க. நீங்க கத்தினதுலதான்யா அந்த அம்மா ஒன்பது வருஷம் இருந்திருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த இன்னொருத்தரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கு கிட்னி நல்லா இருக்கு. வெயில்ல வண்டி இழுத்துட்டு வந்திருக்காங்க. போடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை விரித்தார்.

அன்றைக்கு முப்பத்தோரு பேர் வந்தார்கள். முப்பது பேருக்குத்தான் பொங்கியிருந்தார்கள். கைவண்டிக்காரர் பழக்கதோஷத்தில் காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் சோற்றில் கை வைத்தார். முதல் வாய் போனதும் நின்றார். எடைக்காரரை நிமிர்ந்து பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் செருகிவிட்டு, குனிந்து, அவசர அவசரமாகச் சாப்பிட ஆரம்பித்தார். தட்டைக் காலி செய்துவிட்டு நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க ஐயா."

பதினோரு மாதத்தில் அந்தக் கொட்டகையில் யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை. எடைக்காரருக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஒருவர் கேட்டதும் எல்லோரும் கேட்டார்கள். முந்தானையில் உப்பு முடிந்திருந்த பெண் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு உரிமையோடு, "அடியில இருக்கே, சுரண்டிப் போடுங்க" என்றாள். இருபத்துநாலு பேர் சாப்பிடுவதற்குள் சட்டி காலி. ஏழு பேர் வெறுந்தட்டோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பேட்டைப் பக்கமிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சாப்பிட்டுப் போனவர்கள் போகிற வழியில் யாரிடமோ என்னவோ சொல்லியிருக்க வேண்டும். முந்தின நாள் பசியில்லை என்று சொன்ன மூட்டைக்காரனும் அதில் இருந்தான்.

"இல்லைங்கறீங்களே, இது என்ன நியாயம்?" என்று அவன் சண்டைக்கு வந்தான். "நேரத்துக்குத்தானே வந்திருக்கேன்? நாலு பேர் கூட வந்தா பத்துற மாதிரி பொங்கத் தெரியாதா உங்களுக்கு? ஒரு பொறுப்பு வேணாம்?"

கொழுந்தியாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரைப் பார்த்துய்யா பேசறே?" என்று கரண்டியோடு முன்னால் வந்தாள். எடைக்காரர் அவளைக் கையமர்த்தினார். அந்த வசவு அவர் காதுக்கு இதமாக இருந்தது. அதேசமயம் நெஞ்சில் குத்தவும் செய்தது. இதே அதட்டலைப் பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒருவர் போட்டிருந்தால் போதுமே என்று இருந்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்பு என்னோடதுதான்யா. மன்னிச்சுக்குங்க. பெரிய தப்பு." எதிரில் நின்றவனுக்காக மட்டும் சொன்ன மன்னிப்பு இல்லை அது. "யாரும் போகாதீங்க. உக்காருங்க. அரை மணி நேரத்துல ஆயிடும்."

மூட்டைக்காரன் இவ்வளவு பெரிய மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை. "சரி விடுங்க, அதுக்கு என்ன" என்று முணுமுணுத்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மில் முதலாளி மில்லின் பின்வாசலில் வந்து நின்று தலைகளை எண்ண ஆரம்பித்தார். நாற்பது வரை எண்ணினார். ஆட்கள் இடம் மாறி மாறி உட்கார்ந்ததில் எண்ணிக்கை குழம்பிப் போய், உள்ளே திரும்பி, "டேய், அந்த மூட்டையையெல்லாம் மாடிக்கு ஏத்துங்கடா" என்று சத்தம் போட்டார்.

எடைக்காரர் மறுபடி அடுப்பை மூட்டினார். அரிசி களைந்து போட்டார். பருப்பை அளக்காமல் அள்ளினார். ஆயா குழாயடியில் அடுத்த பந்திக்குத் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவர் கூப்பிடவில்லை. கொதி வந்ததும் உப்பைப் போட்டு, அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதித் தன் நாக்கிலேயே விட்டுக்கொண்டார். உப்புக் கரித்தது. முகம் சுளித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு மடக்குக்கு மேல் அவரால் விழுங்க முடியவில்லை. உப்பில்லாமல் பழகிய தன் நாக்கே ஒரு மடக்கைத் தாங்குகிறது என்றால் வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பற்றாது என்று, இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.